உரிமம் வாங்குமுன்: முதல் ஆய்வுத் திட்டம் கிடைத்த ஆசிரியருக்கு

ஒப்புதல் கடிதம் வந்த வாரமே விற்பனைப் பிரதிநிதியின் அழைப்பும் வந்துவிடும். எப்படித்தான் மோப்பம் பிடிக்கிறார்களோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. "சார், உங்க டிபார்ட்மென்ட்டுக்கு மட்டும் ஸ்பெஷல் ரேட். மார்ச்சுக்குள்ள பிஓ போட்டுடுங்க" என்பார். பிஓ, அதாவது கொள்முதல் ஆணை, போடாதீர்கள். அவரிடம் ஒரு கோட்டேஷன் மட்டும் வாங்கி மேசை இழுப்பறையில் வையுங்கள்.

பல்கலைக்கழகக் கொள்முதல் குழுவில் சில ஆண்டுகள் உட்கார்ந்திருந்தேன். எங்களிடம் வந்து சிக்கிய மென்பொருள் கோப்புகள் பலவற்றுக்கும் வியாதி ஒன்றுதான்: பெயரை முதலில் முடிவுசெய்துவிட்டு, தேவையை அப்புறம் உட்கார்ந்து எழுதியிருப்பார்கள். ஆகவே முதல் வேலை, உங்கள் ஆய்வுத் துறையில் காசு உண்மையில் எங்கே தேவைப்படுகிறது என்று பார்ப்பது. இது துறைக்குத் துறை வேறு.

உயிர்த்தகவலியல் என்றால் பிளாஸ்ட், சாம்டூல்ஸ், ஆர் மொழியின் பயோகண்டக்டர் என அன்றாடம் புழங்கும் கருவிகளில் பெரும்பாலானவை இலவசம். பணம் போக வேண்டிய இடம் நினைவகமும் சேமிப்பகமும். செயற்கை நுண்ணறிவிலும் அப்படித்தான்: பைடார்ச்சுக்கு யாரும் விலை கேட்பதில்லை, ஜிபியுவுக்குத்தான் கேட்பார்கள். சமூக அறிவியலில் எஸ்பிஎஸ்எஸ் கேட்டு வரும் இன்டென்ட்டை (கொள்முதல் கோரிக்கையை) பார்த்தால், "ஆர் ஏன் போதாது?" என்று நான் கேட்பது வழக்கம். "மாணவர்களுக்குப் பழகவில்லை" என்பதும் ஒரு நியாயமான பதில்தான். அதைக் கோப்பில் எழுதத் தயங்க வேண்டாம்.

சிப் வடிவமைப்பு நேர்மாறு. கேடென்ஸ், சினாப்சிஸ் போன்ற நிறுவனங்களின் விலையுள்ள கருவிகள் இல்லாமல் இன்றைய தொழில்நுட்பத்தில் ஒரு வடிவமைப்பைத் தொழிற்சாலைவரை கொண்டுபோவது மிகக் கடினம். ஸ்கைவாட்டர் சிப் தொழிற்சாலையின் 130 நானோமீட்டர் வடிவமைப்புக் கோப்புகள் 2020-இல் திறந்த நிலைக்கு வந்தபின், கற்பிப்பதற்கும் சிறிய சோதனைகளுக்கும் இலவச வழி பிறந்திருக்கிறது என்பது உண்மைதான். ஆனாலும் கையைவிட்டுக் காசு போடுமுன், மத்திய அரசின் சிப்ஸ் டு ஸ்டார்ட்அப் திட்டத்தில் உங்கள் நிறுவனம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் பெங்களூரு சி-டாக்கின் சிப்இன் மையம் வழியாகவே இந்தக் கருவிகள் கிடைக்கும்.

வேதியியலும் பாய்ம இயக்கவியலும் நடுவில் நிற்பவை. இங்கேதான் தீர யோசிக்க வேண்டும். காசியன் வாங்கத்தான் வேண்டுமா, கல்வி ஆய்வுக்கு இலவசமாகக் கிடைக்கும் ஓர்கா போதுமா? ஓர்கா போதும் என்றாலும், அதே கணினியில் ஒரு மருந்து நிறுவனத்துக்காக ஆலோசனைப் பணி செய்தால் அந்த இலவசம் செல்லாது. வாஸ்ப் உரிமம் ஓர் ஆய்வுக் குழுவுக்குத் தரப்படுவது. பக்கத்து அறை மாணவரை "கொஞ்சம் ஓட்டிக்கோ" என்று விடக்கூடாது. இதே வேலைகளில் கணிசமானவற்றைக் குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோவில் செய்யலாம், அதற்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. பாய்ம இயக்கவியலில் இலவசமான ஓப்பன்ஃபோம் கற்க ஆறு மாதம் பிடிக்கலாம். திட்டமே மூன்று ஆண்டுதான் என்றால் அந்த ஆறு மாதத்துக்கும் ஒரு விலை உண்டு. வணிக மென்பொருளான ஃபுளூயென்ட்டை விலை கொடுத்து வாங்குவது சில சமயம் சிக்கனம்.

அடுத்து, வளாகத்துக்குள் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று தேடுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் நிறைய மிச்சமாகும். மேட்லேப் வளாகம் முழுமைக்கும் வாங்கப்பட்டிருக்கலாம். அது தெரியாமல் ஒரு துறை தனியாக இரண்டு உரிமம் வாங்கும். கருத்துத் திருட்டைக் கண்டறியும் மென்பொருளை இன்ஃப்ளிப்நெட்டின் சோத்சுத்தி திட்டம் 2019 முதல் பல்கலைக்கழகங்களுக்குக் கட்டணமின்றித் தருகிறது. பெரிய கணிப்புக்குத் தேசிய மீக்கணினித் திட்டத்தின் இயந்திரங்கள் இருக்கின்றன. திருச்சி என்ஐடியில் 2022-இல் தொடங்கப்பட்ட பரம் பொருள் 838 டெராஃபிளாப் திறன் கொண்டது. வணிக மென்பொருளிலிருந்து திறந்த மூல மென்பொருளுக்கு மாற நினைப்பவர்களுக்கு மும்பை ஐஐடியின் ஃபாஸீ திட்டம் பாடமும் பயிற்சியும் தருகிறது.

பக்கத்துத் துறையில் அதே மென்பொருள் இருந்தால், கணினி மையத்தில் உரிம சர்வரின் ஒரு மாதப் பதிவைக் கேளுங்கள். ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை பேர் பயன்படுத்தினார்கள், எத்தனை முறை "உரிமம் இல்லை" என்று திருப்பி அனுப்பியது என்பது அதில் தெரியும். இருபது மாணவர்களுக்கு இருபது உரிமம் வேண்டியதில்லை. பகிர்வு உரிமம் ஐந்து இருந்தால், தேர்வுக் காலம் தவிர மற்ற நாட்களில் தாராளமாக ஓடும்.

இனி ஒப்பந்தத்தைப் படிக்கும் வேலை. நாற்பது பக்கத்தையும் யாரும் படிக்கமாட்டார்கள், நானும் படித்ததில்லை. ஆனால் சில கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்கிவிட வேண்டும். கற்பித்தலுக்கான உரிமமா, ஆய்வுக்கானதா? கற்பித்தல் உரிமத்தில் செய்த கணக்கைக் கட்டுரையாக வெளியிட்டால் சிக்கல் வரலாம். விடுதியிலிருந்தும் வீட்டிலிருந்தும் விபிஎன் வழியாக இணையலாமா? எத்தனை கோர்களில் ஓட்டலாம்? இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிட்டு, 64 கோர் இயந்திரம் வாங்கி, அடிப்படை உரிமத்தோடு அதில் சில கோர்களை மட்டும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. காலம் முடிந்தபின் பழைய கோப்புகளைத் திறந்தாவது பார்க்க முடியுமா என்றும் கேளுங்கள்.

"நிரந்தர உரிமம்" என்ற சொல்லை நம்பி நீண்ட காலத் திட்டம் போடாதீர்கள். வாங்கியது கையில் இருக்கலாம், அடுத்தது கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. விஎம்வேரை பிராட்காம் 2023 நவம்பரில் வாங்கியது. அடுத்த மாதமே நிரந்தர உரிம விற்பனையை நிறுத்திச் சந்தாவுக்கு மாறியது. கல்விக்கு வரம்பற்ற சேமிப்பிடம் தந்துகொண்டிருந்த கூகுள், 2021-இல் அதை நிறுவனத்துக்கு மொத்தம் 100 டெராபைட் என்று சுருக்குவதாக அறிவித்தது. தரவை அந்த மென்பொருளுக்கே உரிய வடிவத்தில் மட்டும் வைத்திருந்தால் கழுத்து அவர்கள் கையில். வெளியேறும் வழியை வாங்கும்போதே பார்த்து வையுங்கள்.

இப்போது இன்டென்ட். மத்திய நிறுவனங்கள் என்றால் 2017-ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள். தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்கள் என்றால் 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும் அதன் 2000-ஆம் ஆண்டு விதிகளும். எந்தத் தொகைவரை நேரடியாக வாங்கலாம், எதற்குக் குழு, எதற்கு டெண்டர் என்ற வரம்புகள் அவ்வப்போது மாறும். போன வருடக் கோப்பைப் பார்த்து எழுதாமல், நிதிப்பிரிவில் புதிய சுற்றறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். மத்திய விதிகளின் 149-ஆம் விதிப்படி, அரசின் இணையச் சந்தையான ஜெம் தளத்தில் கிடைப்பதைப் பொதுவாக அங்கேதான் வாங்க வேண்டும். கிடைக்காதபோது, கிடைக்கவில்லை என்பதற்கான தளத்தின் அறிக்கையைக் கோப்பில் சேருங்கள்.

அதிகம் தடுக்கி விழும் இடம் ஒற்றை ஒப்பந்தப்புள்ளி, 166-ஆம் விதி. குறிப்பிட்ட ஒரு நிறுவனம் மட்டுமே தயாரிப்பது, வேறு எதுவும் வேலைக்கு உதவாது என்று காரணத்தோடு சான்றளிக்க வேண்டும். "உலகத்தரம்", "எல்லாரும் பயன்படுத்துகிறார்கள்" என்பதெல்லாம் காரணம் ஆகாது. "எங்கள் மூன்றாண்டுத் தரவு இந்த வடிவத்தில் இருக்கிறது; வேறு மென்பொருளில் அதைத் திறந்தால் இன்ன தகவல் தொலைகிறது" என்பது காரணம். இன்னொன்று: மென்பொருளைத் தயாரிப்பவர் ஒருவரே என்பதால் அதை விற்பவரும் ஒருவரே என்று ஆகிவிடாது. ஒரே மென்பொருளுக்கு மூன்று முகவர்கள் இருந்தால் மூவரிடமும் விலை கேட்க வேண்டும். வேறு வழியில்லை என்று முகவர் சொல்வதை ஏற்காமல், தயாரிப்பாளரின் கடிதத்தைத் தேதியோடு வாங்குங்கள். சான்று தரும் அளவுக்கு நிலைமை இல்லை என்றால், பெயரை விட்டுவிட்டுத் தேவையை மட்டும் எழுதிப் பொது டெண்டருக்குப் போங்கள். ஒரு பெயரை மறைத்துக்கொண்டு அதன் விளம்பரத் தாளிலிருந்து அம்சங்களைப் பிரதியெடுத்து எழுதினால், தணிக்கைக்காரர் அந்தத் தாளையும் படித்திருப்பார்.

விலையில் 18 சதவீத ஜிஎஸ்டியைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஆய்வு நிறுவனங்களுக்கு இருந்த 5 சதவீதச் சலுகை 2022 ஜூலையோடு போய்விட்டது. பழைய கோப்பைப் பார்த்து வரவுசெலவு போட்டவர்கள் அந்த ஆண்டு திண்டாடினார்கள். டாலரில் விலை வந்திருந்தால் கொஞ்சம் கூடுதலாக ஒதுக்குங்கள். எந்தத் தலைப்பில் பணம் எடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம்: முதல் கொள்முதலை உபகரணத் தலைப்பில் போட்டுவிட்டு, ஆண்டுதோறும் வரும் புதுப்பிப்புக்கு எந்தத் தலைப்பிலும் காசில்லாமல் நிற்பவர்கள் ஏராளம். முன்பணம் கேட்கும் முகவர்களிடம், முன்பணத்தைக் கட்டுப்படுத்தும் 172-ஆம் விதியைக் காட்டுங்கள். உரிமச் சாவி மின்னஞ்சலில் வந்துவிடுகிறது. நிறுவி ஓட்டிப் பார்த்த பின் முழுத்தொகையும் தருவதாகச் சொல்லிப் பாருங்கள்.

கடைசிக் கட்டத்தை யாரும் மதிப்பதில்லை. உரிமக் காலம் பிஓ தேதியிலிருந்து அல்ல, நிறுவிய நாளிலிருந்து தொடங்க வேண்டும் என்று ஆணையிலேயே எழுதுங்கள். மார்ச்சில் அவசரமாக ஆணை கொடுத்து, சர்வர் ஆகஸ்ட்டில் வந்து, ஐந்து மாத உரிமத்தை வெறும் பெட்டியில் கழித்த கோப்பை என் கண்ணாலேயே பார்த்தேன். உரிமம் பெரும்பாலும் சர்வரின் வலையட்டை எண்ணோடு கட்டப்பட்டிருக்கும். இயந்திரம் பழுதானால் வேறு இயந்திரத்துக்கு மாற்றித் தர எத்தனை நாள், கட்டணம் உண்டா என்று முன்பே கேளுங்கள். நிர்வாகக் கணக்கு உங்கள் சொந்த மின்னஞ்சலில் இருக்கக்கூடாது, துறையின் பொது முகவரியில் இருக்கட்டும். நீங்கள் வேறு ஊருக்குப் போன பிறகு கடவுச்சொல் கேட்டு யாரும் உங்களைத் தேடி அலைய வேண்டாம்.

முடிவுத் தேதியை ஆய்வகச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். அதற்கு நான்கு மாதம் முன்பே புதுப்பிப்பு இன்டென்ட் கிளம்பட்டும். இல்லையென்றால், உங்கள் மாணவி ஆய்வேட்டின் கடைசி வரைபடத்தை வரைய உட்காரும் அன்றுதான் அது காலாவதியாகும்.