டீசல் காரில் ஆயில் கூடுகிறதா? பில் எகிறும் முன் செய்ய வேண்டியவை

ஆயில் குறைந்தால் எல்லோரும் பதறுவோம். 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்-6 விதிக்குப் பிறகு வாங்கிய டீசல் கார் என்றால், ஆயில் கூடினாலும் பதற வேண்டும். புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் ஃபில்டர் நிரம்பியதும், அந்தக் கரியைச் சுமார் 600 டிகிரி செல்சியஸில் எரிக்க இன்ஜின் கூடுதலாக டீசல் பீய்ச்சும். இதற்கு ரீஜெனரேஷன் என்று பெயர். பாதியில் வண்டியை நிறுத்தினால் வேலை முடியாது. அடுத்த முறை மறுபடி பீய்ச்சும். எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஆயிலில் கலக்கும். பல இன்ஜின்களில் 'அதற்குள் ஆயில் மாத்தணுமா?' என்ற எரிச்சலுக்குக் காரணம் இதுதான்.

1. நீங்களே அளந்து பாருங்கள்
வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சூடான இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். டிப்ஸ்டிக்கை உருவி, பனியன் வேஸ்ட்டால் துடைத்து, முழுதாகச் செருகி மீண்டும் எடுங்கள். ஆயில் இரண்டு குறிகளுக்கும் நடுவே நிற்க வேண்டும். ஓடிய கிலோமீட்டரோடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள். மாதம் இரண்டு முறை போதும்.

2. பார்த்ததைப் புரிந்துகொள்ளுங்கள்
கறுப்பு நிறம் டீசலுக்குச் சகஜம். அதைக் காட்டி யாராவது ஆயில் மாற்றச் சொன்னால் ஏமாறாதீர்கள். மேல் குறியைத் தாண்டி, நீர்த்து, டீசல் வாடை அடித்தால் கலப்புதான். உடனே ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். நீர்த்த ஆயில் டர்போ பேரிங்கைத் தேய்த்துவிடும். டீ நிறத்தில் நுரைத்திருந்தால் கூலன்ட் கலந்திருக்கலாம். ஸ்டார்ட் செய்யாமல் டோ பண்ணுங்கள்.

3. எரிப்பை முடிக்க விடுங்கள்
ஐடிலில் ஆர்பிஎம் சற்றுக் கூடுவது, அணைத்த பிறகும் ஃபேன் சுற்றுவது, சூட்டு வாடை: இவை ரீஜெனரேஷன் நடப்பதன் அடையாளங்கள். அப்போது வீட்டு வாசல் வந்துவிட்டாலும் இன்னொரு சுற்று போய் வாருங்கள். டிபிஎஃப் விளக்கு எரிந்தால், மேனுவல் சொல்லும் வேகத்தில் பைபாஸில் 20 நிமிடம் நிதானமாக ஓட்டுங்கள். ஆயில் ஏற்கெனவே மேல் குறியைத் தாண்டியிருந்தால், முதலில் ஆயில் மாற்றம், ஓட்டம் அப்புறம்.

4. கேனைப் பார்த்து ஊற்றச் சொல்லுங்கள்
மேனுவலில் உள்ள கிரேடு கேனிலும் இருக்க வேண்டும். டிபிஎஃப் உள்ள பல கார்களுக்கு ஏசிஇஏ சி2 அல்லது சி3 வகைக் குறைந்த சாம்பல் ஆயில் தேவை. மலிவான சாதாரண ஆயிலின் சாம்பல் ஃபில்டரில் தங்கிவிடும். எந்த ரீஜெனரேஷனாலும் அதை எரிக்க முடியாது. அங்கே மிச்சப்படுத்தும் ஆயிரம் ரூபாய், பின்னால் டிபிஎஃப் செலவாக வந்து நிற்கும்.

5. வாய்ப்பேச்சை நம்பாதீர்கள்
'எல்லா வண்டியும் இப்படித்தான் சார்' என்று சர்வீஸ் அட்வைசர் சொன்னால், அதையே ஜாப் கார்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஆயில் லெவல், ஸ்கேனரில் தெரியும் கரி அளவு இரண்டையும் குறிக்கச் சொல்லுங்கள். வாரண்டிக்குள் இதே பிரச்சினை திரும்பத் திரும்ப வந்தால் நிறுவனத்துக்கு மின்னஞ்சல். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும்.

தினமும் நாலைந்து கிலோமீட்டர்தான் ஓட்டம் என்றால், ஆயில் மாற்றும் இடைவெளியைப் பாதியாகக் குறைப்பது நல்லது. அடுத்த கார் வாங்கும்போது பெட்ரோலைப் பாருங்கள்.