பிள்ளைகள் ஏன் அப்படி நடந்துகொள்கிறார்கள்?

ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு உள்ள பிள்ளைகள் சிலர் கடிப்பதையும் தலையை முட்டிக்கொள்வதையும் பார்க்கிறோம். "வளர்ப்பு சரியில்லை" என்கிறோம். அந்தப் பேச்சுக்குப் பயந்தே தாய்மார் விசேஷங்களுக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்கள்.

பேச்சு வராத பிள்ளைக்கு அந்தச் செயலே பேச்சாக இருக்கலாம். திடீரென்று தொடங்கினால், காதுவலி, பல்வலி, மலச்சிக்கல் உண்டா என முதலில் மருத்துவரிடம் காட்டுவோம். வலி இல்லையென்றால், பெரும்பாலும் காரணங்கள் நான்கு: பிடிக்காததிலிருந்து தப்பிப்பது, நம் கவனத்தைப் பெறுவது, விரும்பிய பொருளைப் பெறுவது, அந்த அசைவே உடலுக்கு இதமாக இருப்பது.

எது காரணம் என்று அறிய, முன்பு என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, பிறகு நாம் என்ன செய்தோம் என ஒரு நோட்டில் எழுதி வருவோம். வலீமா பந்தலில் மைக் சத்தம் எழும்போதெல்லாம் கத்தி, வெளியே கூட்டிப்போனதும் அடங்கினால், சத்தம்தான் காரணம். கத்துவதற்கு முன்பே "வெளியே போகணும்" எனக் கைஜாடையோ படமோ காட்டப் பழக்குவோம். காட்டியதும் தாமதிக்காமல் கூட்டிப்போவோம்.

உளவியலாளர்கள் கார், டுராண்ட் இருவரும் 1985-இல் வெளியிட்ட ஆய்வில், 4 பிள்ளைகளுக்கு உதவியையும் கவனத்தையும் வாயால் கேட்கப் பழக்கினார்கள். தொந்தரவான நடத்தை குறைந்தது. அடித்தால் பிள்ளை அடங்கலாம். அதன் தேவை அப்படியேதான் இருக்கும்.