நிலக்கடலை விதைப்பண்ணை: தரத்தை விதைக்குமுன் திட்டமிடுங்கள்

பொம்மையார்பாளையத்திலிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கே செல்லும் உழவர் அன்பர்கள் மரக்காணம் உப்பளங்களைப் பார்த்திருப்பீர்கள். பாத்தி நீர் 25 டிகிரி அடர்த்தியை எட்டியதும் உப்பு விளையத் தொடங்கும். ஏறத்தாழ 30 டிகிரியைத் தாண்டுமுன் மிஞ்சிய கசப்பு நீரை வடித்துவிட வேண்டும். தவறினால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து படியும். உப்பு கசக்கும், ஈரம் கோத்துக்கொள்ளும். பிறகு அம்பாரத்தைப் புரட்டிப் பார்த்துப் பயனில்லை. விதை நிலக்கடலையும், அதாவது நம் பக்கத்து மல்லாட்டையும், இப்படித்தான்.

சான்று விதைக்குக் குறைந்தது 70 சதம் முளைப்புத்திறனும் 96 சதம் புறத்தூய்மையும் இருக்க வேண்டும். ஈரப்பதம் 9 சதத்திற்கு மேற்படலாகாது. விதைக்குவியல் ஆய்வில் தேறாவிட்டால் எண்ணெய்க் கடலை விலைக்குத்தான் போகும். விதைக்கென்று செய்த செலவு திரும்பாது. ஆய்வகம் விதையைத் தேற்றித் தராது, தேறியதா என்று மட்டுமே சொல்லும். ஆகவே, இந்த எண்களை முதலில் ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றும் எந்த நாளில், எந்த வேலையில் கெடக்கூடும் என்று பின்னோக்கிப் பாருங்கள்.

இனத்தூய்மை விதைக்குமுன்பே தொடங்குகிறது. ஆதார விதையை அதன் வெள்ளை அட்டையோடு வாங்கி, அட்டையையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். சென்ற பருவத்தில் வேறு இரகக் கடலை போட்ட கொல்லை வேண்டாம். தான்தோன்றிச் செடிகள் முளைக்கும். பிற இரக வயலிலிருந்து 3 மீட்டர் விலகல் போதும். கலவன்கள் 0.20 சதத்திற்குள் இருக்க வேண்டும். 30க்கு 10 செ.மீ. இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 1,33,000 செடிகள். அதில் 266 கலவன்தான் எல்லை. ஆய்வாளர் வரும் நாளன்று மட்டும் வயலில் இறங்குகிறவர்களையும் நான் அறிவேன். பூக்கும்போது ஒரு முறை, பிடுங்குமுன் ஒரு முறை என அவர் வருவார். நீங்கள் வாரம் ஒரு முறையாவது சால் சாலாக நடக்க வேண்டும்.

முளைப்புத்திறன் பெரிதும் கெடுவது இரண்டு இடங்களில். ஒன்று, சுண்ணாம்புச் சத்துக் குறை. நிலக்கடலைக் காய் இச்சத்தை மண்ணிலிருந்து நேராகவே உறிஞ்சுகிறது. வேர் எடுத்துத் தருவது காய்க்குப் போதாது. நம் செம்மண் மேட்டு மணற்பாங்கில் இச்சத்துக் குறைவதால் பொக்குக் காய் மிகும்; பருப்பு திரண்டாலும் முளைக் குருத்து கருத்துவிடும். ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சத்தை 45ஆம் நாளுக்குள் இட்டு மண் அணையுங்கள். விழுது இறங்கியபின் மண்ணைக் கிளறாதீர்கள். 45ஆம் நாளில் ஜிப்சம் தேடி அலைவதைவிட, விதைக்கும் வாரமே வாங்கி வைத்துவிடுவது மேல்.

மற்றொன்று, காயவைத்தல். இதில் என் அனுபவத்தையே சொல்கிறேன். வீட்டுக் கொல்லையில் நன்றாக விளைந்த காயை, மழை வருகிறதென்ற அவசரத்தில் சிமெண்டுத் தளத்தில் இரண்டு நாள் உச்சிவெயிலில் பரப்பினேன். காயில் குறையொன்றும் தெரியவில்லை. முளைக்கப் போட்டபோதோ நூற்றுக்கு 58தான் தேறியது. பாடம் நடத்துகிறவனுக்கே இந்தக் கதி! காலையிலும் மாலையிலும் இளவெயிலில் மெல்லியதாகப் பரப்பி, நண்பகலில் நிழலுக்கு மாற்றுங்கள். காயைக் குலுக்கினால் கலகலவென்று ஒலிக்க வேண்டும். கொத்து இரகங்களுக்கு விதை உறக்கம் இல்லை. பிடுங்கத் தாமதித்து மழையும் பெய்தால் காய் வயலிலேயே முளைத்துவிடும். ஆகவே அறுவடை ஆட்களை முன்கூட்டியே பேசி வையுங்கள். காயின் ஓட்டு உட்புறம் கருத்துவிட்டதா என்று சில செடிகளைப் பிடுங்கிப் பார்த்து நாள் குறிக்கலாம்.

நாலைந்து பேர் சேர்ந்து பண்ணை வைத்தால், ஒருவர் வயலை மற்றவர் பார்ப்பது நலம். தன் வயல் கலவன் தன் கண்ணுக்குத் தெரிவதில்லை.

சேமிப்பில் கடற்காற்றின் ஈரத்தை மறவாதீர்கள். காயாகவே மூட்டை கட்டி, தரையிலும் சுவரிலும் படாமல் பலகை மேல் அடுக்குங்கள். மாதிரி அனுப்புமுன் நூறு பருப்பை ஈரச்சாக்கில் முளைக்கப் போட்டுப் பத்தாம் நாள் எண்ணிப் பாருங்கள். 80க்குக் குறைந்தால், எழுபது இருக்கிறதே என்று நிம்மதி கொள்ளாமல், ஒவ்வொரு மூட்டையாகப் பிரித்துச் சோதியுங்கள். பெரும்பாலும் ஒரே நாளில் காய்ந்த மூட்டைகளே மோசமாக இருக்கும். அவற்றை ஒதுக்கினால் மற்றவை தப்பும். மூட்டைதோறும் காயவைத்த தேதியை எழுதி வைத்திருந்தால்தான் இது முடியும்.