இந்த மாதப் பாடம்: வலைப்பூவும் நம்ம நோட்டும்



ரொக்கப் புத்தகம், பேரேடு, தீர்மானப் புத்தகம் இதெல்லாம் எழுதுவதைப் பற்றிப் பல தடவை பேசியாச்சு. இந்த மாதம் வேறொரு புத்தகம். இதைத் தணிக்கைக்கு யாரும் கேட்கப் போவதில்லை. வங்கி மேலாளரும் பார்க்க மாட்டார். ஆனாலும் எழுத வேண்டிய புத்தகம்.

நம்ம தீர்மானப் புத்தகத்தில் இப்படி ஒரு வரி அடிக்கடி வரும்: "உறுப்பினர் ஒருவர் இந்த வாரம் சந்தா செலுத்தவில்லை. அடுத்த வாரம் சேர்த்துச் செலுத்துவதாகக் கூறினார்." சரியான வரிதான். அப்படித்தான் எழுத வேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததே நாங்கள்தான். அதே நாளை அந்த உறுப்பினர் தன் கையால் எழுதினால் எப்படி இருக்கும்? ரப்பர் பால் வெட்டுக்குப் போகிற ஒரு அக்காவை மனதில் வைத்துப் பயிற்சிக்காக எழுதிப் பார்த்த மாதிரி இது:

"செவ்வாய். விடியக்காலம் நாலு மணிக்கு எந்திரிச்சுப் பாத்தா மழை. வெட்டு இல்ல. இதோட மூணு நாளு. சின்னவ நோட்டு வாங்கணும்னு சொல்லிட்டே இருக்கா. அரிசி இருக்கு. மரச்சீனி ரெண்டு மூடு நிக்கு, பிடுங்கினா ரெண்டு நாளு ஓடும். சாயங்காலம் குழுக் கூட்டம். சந்தா இல்லன்னு சொல்ல நாணக்கேடா இருந்து. சொன்னேன். யாரும் ஒண்ணும் சொல்லல்ல. அது கூடுதல் நாணக்கேடா இருந்து."

இரண்டும் ஒரே நாள், ஒரே கூட்டம். தீர்மானப் புத்தகத்தில் இருப்பது பாக்கித் தொகை. மழை, மரச்சீனி, நாணக்கேடு எல்லாம் இந்த நோட்டில்தான் இருக்கிறது. பத்து வருடம் கழித்து நம்ம குழு எப்படி இருந்தது என்று ஒருத்தர் தெரிந்துகொள்ள வந்தால் அவருக்கு இரண்டுமே வேண்டும். நம்மிடம் முதல் புத்தகம் மட்டும்தான் அலமாரி நிறைய இருக்கிறது.

இப்படித் தன் அன்றாடத்தைத் தானே தேதி போட்டு எழுதி, நாலு பேர் படிக்கும்படி கணினியில் வைப்பதற்குத்தான் வலைப்பூ என்று பெயர். பெரிய படிப்பு படித்தவர்கள் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். ஆங்கிலத்தில் முதலில் 'வெப்லாக்' என்றார்கள். 1997-இல் வந்த சொல். 'லாக்' என்பது கப்பலில் தினமும் எழுதுகிற குறிப்புப் புத்தகம். எந்தத் திசையில் போனோம், காற்று எப்படி, என்ன நடந்தது என்று அதில் எழுதுவார்கள். கடற்கரைச் சகோதரிகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். அந்தச் சொல் பிறகு 'பிளாக்' என்று சுருங்கியது. 1999-இல் 'பிளாகர்' என்ற சேவை வந்த பிறகு, கணினி நுணுக்கம் தெரியாதவர்களும் தனக்கென்று ஒரு பக்கம் வைத்துக்கொள்ள முடிந்தது. 2003-இல் கூகுள் அதை வாங்கியது. இன்றைக்கும் காசில்லாமல் கிடைக்கிறது.

தமிழில் வலைப்பூக்கள் 2003 வாக்கில் தொடங்கின. அப்போது கணினியில் தமிழ் எழுத்து வருவதே பெரிய பாடு. ஒருவர் எழுதியது இன்னொருவர் கணினியில் கட்டம் கட்டமாகத் தெரியும். தமிழில் தட்டச்சு செய்ய 'எ-கலப்பை' என்று ஒரு இலவச மென்பொருள் இருந்தது. வயலை உழுகிற கலப்பைதான். பேர் வைத்தவருக்கு நல்ல மனசு. யார் யார் இன்றைக்கு என்ன எழுதினார்கள் என்று ஒரே இடத்தில் காட்ட 2004-இல் 'தமிழ்மணம்' வந்தது. அதன்பின் ஐந்தாறு வருடம் சென்னை, சிங்கப்பூர், கனடா, துபாய் என்று எங்கெங்கோ இருந்தவர்கள் எழுதித் தள்ளினார்கள்.

அதில் பெண்களும் இருந்தார்கள் என்பதுதான் நமக்கு முக்கியம். பத்திரிகைக்குக் கதை அனுப்பினால் ஆசிரியர் தேர்ந்தெடுக்க வேண்டும். இங்கே அப்படி ஒருவர் கிடையாது. குழம்பு வைத்தது, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது, ஊரை விட்டுப் போன இடத்தில் பேச ஆள் இல்லாமல் இருந்தது, மாமியாரோடு நடந்த பேச்சு என்று எழுதினார்கள். "இதெல்லாம் எழுதுற விஷயமா?" என்று கேட்டு வாசலில் நிறுத்த ஆள் இல்லை.

ஆனா ஒன்று கவனியுங்கள். கணினியும் இணைய இணைப்பும் இருந்த பெண்கள்தான் எழுதினார்கள். அண்டி ஆபீசுக்குப் போகிறவளும், தும்பு அடிக்கிறவளும், மீன் பெட்டி சுமக்கிறவளும் அதில் ரொம்ப அபூர்வம்.

இதனால் என்ன நட்டம் என்று கேட்கலாம். 2004 டிசம்பர் 26-ஐ நினைத்துப் பாருங்கள். கொளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று நம்ம கரை முழுவதும் அடிபட்டது. மணக்குடிப் பாலமே போய்விட்டது. அந்த நாட்களில் மும்பையில் இருந்த சிலர் சேர்ந்து 'சீ-ஈட்' என்ற ஆங்கில வலைப்பூவைத் தொடங்கினார்கள். பல நாட்டிலிருந்து தன்னார்வலர்கள் அதில் எழுதினார்கள். காணாமல் போனவர்கள் விவரம், எங்கே என்ன உதவி வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும் என்று தகவல் திரட்டினார்கள். நல்ல வேலை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எழுதியவர்கள் அலையைப் பார்த்தவர்கள் இல்லை. பார்த்தவள் பேட்டி கொடுத்தாள், படிவத்தில் கைரேகை வைத்தாள், வரிசையில் நின்றாள். அவள் வாயால் சொன்னது வேறு யாரோ எழுதி வேறு யாரோ படித்தார்கள். தன் வீட்டு விவரத்தையும் தேதியையும் ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்த வீடுகள் எத்தனை இருக்கும்?

பதிமூன்று வருடம் கழித்து 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்தபோது நிலைமை கொஞ்சம் மாறியிருந்தது. கையில் செல்போன் இருந்தது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை பக்கம் யார் யார் கடலில் இருக்கிறார்கள், எந்தப் படகு திரும்பவில்லை என்று ஊர்க்காரர்களும் பங்குகளும் தாங்களே பட்டியல் எடுத்தார்கள். தொடக்க நாட்களில் அரசு சொன்ன எண்ணிக்கையும் இந்தப் பட்டியல்களும் ஒத்துப் போகவில்லை. பெயர் எழுதி வைத்திருந்ததால்தான் "இல்லை, இன்னும் ஆள் வரணும்" என்று அழுத்திச் சொல்ல முடிந்தது. இது வலைப்பூ இல்லைதான். ஆனால் தன் ஊர்க் கணக்கைத் தானே எழுதுவது என்கிற விஷயம் இரண்டிலும் ஒன்றுதான்.

சரி, ஒருத்தி வலைப்பூ தொடங்கினால் என்ன நடக்கும்? முதல் மாதம் ஆசையாக இருக்கும். தினமும் எழுதத் தோன்றும். இரண்டாம் மாதம் யாரும் படிக்கவில்லை என்று தெரியும். நிறைய பேர் இங்கேதான் விட்டுவிடுவார்கள். பிறகு ஒருநாள், எங்கேயோ இருக்கிற முகம் தெரியாத ஒருவர், "எங்க அம்மாவும் இப்படித்தான்" என்று ஒரு வரி எழுதுவார். அந்த ஒரு வரிக்காக ஆறு மாதம் எழுதலாம். அதே மாதிரி, பெயர் போடாமல் வந்து அசிங்கமாகத் திட்டுகிற ஆளும் வருவான். பெண் எழுதினால் இது கூடுதல். எல்லா நாட்டிலும் அப்படித்தான். அவனுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தால் எழுத்து நின்றுவிடும். அவன் எழுதியதை அழிக்கவும் அவன் வராமல் தடுக்கவும் வசதி உண்டு. மிரட்டினாலோ படத்தை மாற்றிப் போட்டாலோ, அழிப்பதற்கு முன்னால் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணையோ 181 என்ற பெண்கள் உதவி எண்ணையோ கூப்பிடுங்கள்.

விடாமல் எழுதுவதற்கு நம்ம மாவட்டத்திலேயே உதாரணம் உண்டு. நாகர்கோவிலில் இருக்கிற எழுத்தாளர் ஜெயமோகன் மகாபாரதத்தை 'வெண்முரசு' என்ற பெயரில் 2014 ஜனவரியில் தன் இணையதளத்தில் நாளுக்கு ஒரு பகுதியாகத் தொடங்கி, 2020 ஜூலையில் 26 நாவல்களாக முடித்தார். அவர் எழுத்தையே தொழிலாகக் கொண்டவர். நமக்கு ஆடு, அடுப்பு, பிள்ளை எல்லாம் இருக்கு. அதனால் அளவைப் பார்க்க வேண்டாம். தினமும் ஒரே நேரத்தில் உட்காருவதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

அதைவிட எனக்குச் சொல்லப் பிடித்தது வெள்ளிக்கோடு மலர்வதியை. தூய்மைப் பணி செய்கிற பெண்ணின் வாழ்க்கையை எழுதிய அவருடைய நாவலுக்கு 2012-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி யுவ புரஸ்கார் கிடைத்தது. நாவலின் பெயர் 'தூப்புக்காரி'. நம்ம ஊரில் சாதாரணமாகவும், பல நேரம் இளக்காரமாகவும் சொல்கிற சொல். அதை அப்படியே அட்டையில் போட்டார். கூட்டத்தில் "எனக்கு நல்ல தமிழ் வராது" என்று சொல்கிற மைனிமார் இதை யோசிக்க வேண்டும்.

"எனக்கு எழுதவே தெரியாதே" என்பவர்களுக்கு இன்னொரு செய்தி. பாகிஸ்தானில் சுவாத் பள்ளத்தாக்கில் பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகக் கூடாது என்று தாலிபான்கள் மிரட்டியபோது, 11 வயதுச் சிறுமி ஒருத்தி 2009 ஜனவரியில் பிபிசி உருது இணையதளத்தில் நாட்குறிப்பு எழுதினாள். அவளே கணினியில் உட்கார்ந்து வெளியிடவில்லை. நிருபர் ஒருவர் அவளிடமிருந்து வாங்கி வெளியிட வழி செய்தார். பெயரும் சொந்தப் பெயர் இல்லை, 'குல் மகாய்' என்ற புனைபெயர். அந்தப் பிள்ளைதான் மலாலா. பின்னால் அடையாளம் வெளியே தெரிந்தது, 2012-இல் சுடப்பட்டாள், பிழைத்தாள், 2014-இல் நோபல் பரிசு பெற்றாள். பரிசை விடுங்கள். ஒருத்தி சொல்ல இன்னொருத்தர் எழுதலாம், பெயரை மறைக்கலாம் என்பதை மட்டும் பாருங்கள். உங்கள் வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கிற பேத்தி இருந்தால் போதும். இப்போது செல்போனில் தமிழில் பேசினால் அதுவே எழுத்தாக்கும் வசதியும் இருக்கிறது. நம்ம பேச்சு வழக்குக்குக் கொஞ்சம் திணறும், திருத்திக்கொள்ள வேண்டும்.

பெயரை மறைக்கும் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதில்தான் வீடு உடையும், குழுவும் உடையும். உங்கள் கதை உங்களுடையது; அடுத்தவள் கதை அவளுடையது. குழுவில் யாருக்கு எவ்வளவு கடன், யார் வீட்டுக்காரர் குடிக்கிறார், யாருக்கு என்ன நோய் என்பதெல்லாம் கூட்டத்தில் நம்பிப் பேசியவை. அவள் சம்மதம் இல்லாமல் எழுதக் கூடாது. பெயரை மாற்றிவிட்டு "ஆலமரத்துப் பக்கத்து வீடு" என்று எழுதினால் ஊருக்கே தெரிந்துவிடும். பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்ணின் அல்லது குழந்தையின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடுவது சட்டப்படி குற்றம். குழந்தைகள் விஷயத்தில் போக்சோ சட்டமே அதைச் சொல்கிறது. பள்ளிச் சீருடை தெரியும் பிள்ளை படம், பாஸ்புக், ஆதார் படம் எதையும் போட வேண்டாம்.

கருத்துச் சொன்னால் பிடித்துப் போவார்களா என்ற பயமும் பலருக்கு உண்டு. 2012-இல் மகாராஷ்டிரத்தில் பால்கர் என்ற ஊரில், ஒரு கடையடைப்பைப் பற்றி முகநூலில் எழுதிய பெண்ணையும் அதை 'லைக்' செய்த தோழியையும் கைது செய்தார்கள். அதற்குப் பயன்பட்ட 66-ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் ரத்து செய்துவிட்டது. ஆனால் அவதூறு இன்றைக்கும் குற்றம்தான். "ரேஷன் கடையில் இன்ன தேதியில் அரிசி இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள்" என்பது நீங்கள் கண்டது. "அந்த ஆள் திருடன்" என்பது குற்றச்சாட்டு. கண்டதைத் தேதியோடு எழுதுங்கள்.

இன்னொன்று, கணினியில் இருப்பது நிரந்தரம் என்று நம்ப வேண்டாம். ஜியோசிட்டீஸ் என்ற இடத்தில் லட்சக்கணக்கானவர்கள் பக்கம் வைத்திருந்தார்கள், 2009-இல் மூடினார்கள். நம்ம பிள்ளைகள் ஓயாமல் பார்த்த ஆர்க்குட் 2014-இல் போனது. தமிழ் வலைப்பூ எழுதியவர்களில் பலரும் முகநூல் வந்ததும் அங்கே போய்விட்டார்கள்; அங்கே போன மாதம் எழுதியதைத் தேடி எடுப்பதே கஷ்டம். அதனால் முதலில் நோட்டு. அப்புறம்தான் செல்போன், வலைப்பூ எல்லாம்.

செய்முறைக்கு வருவோம். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். அடுத்த கூட்டமைப்புக் கூட்டம் வரை தினமும் ஐந்து வரி. தேதி கட்டாயம். வேலை, கூலி, செலவு எதாவது ஒன்று வரட்டும். அன்றைக்கு யாரோ சொன்ன ஒரு பேச்சு அப்படியே வரட்டும். "நான் மிகவும் வருந்தினேன்" என்று எழுதுவதைவிட என்ன நடந்தது என்று எழுதுங்கள், படிக்கிறவளுக்கு வருத்தம் தானே வரும். நோட்டை எங்கே வைப்பது என்பது அவரவர் வீட்டைப் பொறுத்தது. வீட்டில் அடி, சந்தேகம் என்று இருப்பவர்கள் அரிசிப் பானைக்குப் பின்னால் வைப்பதைவிட, நம்பிக்கையான ஒருத்தி வீட்டில் வைப்பது நல்லது.

ஊக்குநர்களும் பிரதிநிதிகளும் இந்த நோட்டுகளை வாங்கிப் பார்க்கக் கூடாது, கையெழுத்தோ சீலோ போடக் கூடாது. கூட்டத்தில் விருப்பம் உள்ளவர்கள் ஒரு நாள் குறிப்பை மட்டும் வாசிக்கலாம். வாசிக்காதவர்களை ஏன் என்று கேட்க வேண்டாம். இந்த இதழில் போடலாம் என்று நினைக்கிறவர்கள் அந்தப் பக்கத்தை மட்டும் தனித்தாளில் எழுதிக் கொடுங்கள். பெயர் போடவா, வேண்டாமா என்பதையும் அதே தாளில் மறக்காமல் எழுதுங்கள்.