புகையும் விறகுதான்



அடுப்பிலிருந்து கிளம்பும் புகை, எரியாமல் தப்பிப்போன விறகு. கட்டை சூடேறும்போது முதலில் ஈரம் ஆவியாகிறது. பிறகு எரியக்கூடிய வாயுக்கள் பிரிகின்றன. விறகின் சக்தியில் பாதிக்கு மேல் இந்த வாயுக்களில்தான் இருக்கிறது. போதிய சூடும் காற்றும் கிடைத்தால் அவை தழலாகும். கிடைக்காவிட்டால் சட்டியடியில் கரியாகவும் கூரையில் ஒட்டடையாகவும் படியும், மிச்சம் சமைப்பவர் கண்ணுக்குப் போகும்.

இந்தப் புகையை அடுப்புக்குள்ளேயே எரித்துவிடுவதுதான் ராக்கெட் அடுப்பின் வேலை. 1980-களில் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், அப்ரொவெச்சோ ஆய்வு மையத்தில் லாரி வினியார்ஸ்கி இதற்கான விதிகளை வகுத்தார். பெயரில்தான் ராக்கெட், உள்ளே இருப்பது 'ட' எழுத்தைப்போல் வளைந்த ஒரு குழாய். படுத்த பகுதியில் விறகு நுழையும், நிமிர்ந்த பகுதியில் தழல் ஏறும்.

இதைச் செய்ய 15 கிலோ எண்ணெய் டின் ஒன்று போதும். முன்பக்கம் அடியை ஒட்டியும் மேல்மூடியின் நடுவிலும் 12 செ.மீ. சதுரமாக வெட்டி, தகட்டில் மடித்த 'ட' குழாயை உள்ளே பொருத்த வேண்டும். குழாயைச் சுற்றியுள்ள இடம் முழுக்கச் சலித்த, கரித்துண்டு இல்லாத சாம்பல். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். கனமான மண்சுவர் சூட்டைக் காக்கும் என்று எண்ணிக் களிமண்ணை அப்புகிறார்கள். மண் காப்பதற்கு முன் குடிக்கும். காலைச் சமையல் முடியும்வரை அது தன்னையே சூடாக்கிக்கொண்டிருக்கும். சாம்பலுக்குள் காற்று நிறைய அடைபட்டிருப்பதால் சூடு எளிதில் கடக்காது. மெல்லிய தகட்டுக் குழாய் சில மாதங்களில் அரித்துப்போகும். களிமண்ணில் மரத்தூள் கலந்து சுட்ட செங்கல் அதைவிட நாள்படும். சூளையில் தூள் எரிந்துபோய்க் கல் முழுக்க நுண்துளை விழுவதால் அதுவும் சூட்டைத் தடுக்கும்.

விறகு நுழையும் வாயின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் ஒரு தகடு பொருத்த வேண்டும். மேலே விறகு, கீழே காற்று. தகடு இல்லாவிட்டால் விறகே வாயை அடைத்துவிடும்.

சட்டிக்கும் அடுப்புக்கும் இடையே எவ்வளவு சந்து என்பது சின்னக் கணக்கு. குழாயின் பரப்பு 12 × 12, அதாவது 144 சதுர செ.மீ. அதன் விளிம்பின் சுற்றளவு 48 செ.மீ. 144ஐ 48ஆல் வகுத்தால் 3. எனவே சட்டியைத் தாங்கும் குமிழ்கள் 3 செ.மீ. உயரம். 24 செ.மீ. அகலச் சட்டியின் சுற்றளவு ஏறக்குறைய 75 செ.மீ. 144ஐ 75ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2. ஆகவே சட்டியைச் சுற்றி நிறுத்தும் தகரப் பட்டைக்கு 2 செ.மீ. சந்து விட்டால் போதும். அதற்கும் குறைந்தால் தழல் திணறி வாய்வழியே புகையும். கூடினால் சூடு சட்டியைத் தொடாமலே போய்விடும்.

எரிப்பதற்குக் கட்டைவிரல் பருமனுள்ள காய்ந்த சுள்ளிகள் ஏற்றவை. ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க, 30 டிகிரியிலிருந்து அதைக் கொதிக்கவைக்கத் தேவையான சூட்டைப்போல் ஏழு மடங்குக்கு மேல் வேண்டும். பச்சை விறகு அந்தச் செலவை அடுப்புக்குள் செய்கிறது, மூடாத சட்டி வெளியே செய்கிறது. நாலைந்து சுள்ளிகளின் நுனி மட்டும் எரியட்டும், எரிய எரிய உள்ளே தள்ள வேண்டும். புகை வந்தால் ஊதுகுழலைத் தேட வேண்டாம். ஒரு சுள்ளியை வெளியே இழுத்தால் போதும். உலை கொதித்ததும் இரண்டை உருவிவிடலாம்.

புகை தெரியவில்லை என்று அடைத்த அறையில் எரிக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

நாளாக ஆக டின்னுக்குள் சாம்பல் அமுங்கி, குழாயின் மேற்பகுதியைச் சுற்றிப் பள்ளம் விழும். அடுப்பின் வாயில் சேரும் சாம்பலை நன்றாக ஆறவிட்டுச் சலித்து, மேல்மூடியைத் தூக்கி அங்கேயே கொட்டி நிரப்பலாம்.