குழந்தை இருக்கும் வீட்டில் கேமரா

பொழுதுபோக்காகப் படம் எடுப்பவர்கள் வீட்டில் குழந்தை பிறந்ததும் பலரும் சொல்லும் குறை ஒன்றுதான்: நேரமே இல்லை. ஞாயிறு விடியலில் காசிமேட்டுக்கோ பழவேற்காட்டுக்கோ கிளம்பிய காலம் போயிற்று. கேமரா பீரோவுக்குள் போய்விட்டது. சென்னை போன்ற ஈரக்காற்று ஊரில், பைக்குள் மூடிக் கிடக்கும் லென்ஸில் பூஞ்சையும் பிடித்துவிடுகிறது. குறை உண்மைதான். ஆனால் அதற்குச் சொல்லப்படும் காரணத்தில் எனக்கு உடன்பாடில்லை. எவ்வளவு நெருக்கடியான நாளிலும் பத்து நிமிடம் எப்படியாவது கிடைத்துவிடும். அந்தப் பத்து நிமிடத்துக்கான சிதறாத கவனம்தான் கிடைப்பதில்லை. ஆகவே சிறு குழந்தையின் அப்பாவோ அம்மாவோ சிக்கனமாகச் செலவழிக்க வேண்டியது கவனத்தைத்தான். எந்த லென்ஸ், எந்த வெளிச்சம், எத்தனை படம், யாருக்குக் காட்டுவது என்பதையெல்லாம் இந்த ஒரே அளவுகோலை வைத்து முடிவு செய்தால், இந்தப் பொழுதுபோக்கும் குடும்பமும் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க முடியும் என்பதே என் அனுபவம்.

கேமரா கவனத்தைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா என்று ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் லிண்டா ஹெங்கல் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகப் பொருள்களை வெறுமனே பார்த்தபோது நினைவில் நின்ற அளவுக்கு, முழுதாகப் படம் எடுத்தபோது நிற்கவில்லை. பொருளின் ஒரு பகுதியை ஜூம் செய்து எடுத்தபோது அந்த இழப்பு ஏற்படவில்லை. 2017-இல் அலிக்ஸாண்ட்ரா பராஷும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுட்பமானது: எதைப் படம் எடுப்பது என்று தாங்களே தேர்ந்தவர்களுக்குக் கண்ணால் கண்டது கூடுதலாக நினைவில் நின்றது, காதால் கேட்டது குறைந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பெற்றோருக்கு ஒரு நடைமுறை விதி கிடைக்கிறது. குழந்தை நம்மிடம் பேசும்போது கேமரா கீழே இருக்கட்டும். செருப்பை மாற்றிப் போட்டுக்கொள்வது, எறும்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்று தன் வேலையில் அது மூழ்கியிருக்கும்போது எடுக்கலாம். அப்போதும் பார்த்துப் பார்த்து நாலைந்து படம் போதும். தொடர்ச்சியாக இருநூறு படங்களைச் சுட்டுத் தள்ளினால், அவற்றிலிருந்து பொறுக்கி எடுக்க இன்னொரு மாலைப் பொழுது பறிபோகும்.

கருவியையும் இப்படியே தேர்ந்தெடுக்கலாம். லென்ஸ் மாற்றும் நேரத்துக்குள் குழந்தை அடுத்த அறையில் இருக்கும். எனவே கேமராவில் ஒரே லென்ஸை மாட்டிவைப்பதே நல்லது. கிட் லென்ஸை முழுதாக ஜூம் செய்தால் பொதுவாகக் கிடைப்பது எஃப் 5.6, எஃப் 1.8 ப்ரைம் லென்ஸ் அதைவிடச் சுமார் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். கிராப் சென்சார் கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் நம் ஃபிளாட் அறைகளுக்கு நெருக்கமாகிவிடும், 35 மி.மீ. தோதாக இருக்கும். தவழும் குழந்தைக்கு ஷட்டர் 1/250 விநாடி, ஓடும் குழந்தைக்கு 1/500 என்று வைத்துக்கொள்ளலாம். இரவில்தான் சிக்கல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், சோக் வைத்த பழைய டியூப் லைட் விநாடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டர் 1/100-ஐத் தாண்டினால் படத்தில் பட்டை பட்டையாக நிறம் மாறும்; 1/100-இலேயே நின்றால் ஆடும் கை கலங்கும். ஆக இரவில் கதை கேட்பது, தூங்குவது போன்ற அசைவற்ற காட்சிகளோடு நிறுத்திக்கொண்டு, ஓட்டத்தைப் பகலில் ஜன்னலோரம் எடுப்பதே புத்திசாலித்தனம். வடக்கு ஜன்னலில் நேர்வெயில் வராது, மென்மையான ஒளிதான் வரும் என்று மேல்நாட்டுப் புத்தகங்கள் சொல்வதை அப்படியே நம்பக் கூடாது. ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடு வரை சென்னைக்குச் சூரியன் வடக்குப் பக்கம்தான். அந்த மாதங்களில் தெற்கு ஜன்னலே மென்மையானது.

வீட்டுக்குள்ளேயே எடுத்துக்கொண்டிருந்தால் கலை வளருமா என்று கேட்பார்கள். இரண்டாம் உலகப் போரில் ஒகினாவாவில் படுகாயம் அடைந்த ஒளிப்படக் கலைஞர் யூஜின் ஸ்மித், தேறி மீண்டும் கேமரா பிடித்து 1946-இல் எடுத்தது, தன் இரு பிள்ளைகள் மர நிழலிலிருந்து வெளிச்சத்துக்கு நடந்துபோகும் படம். 1955-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் நடத்திய புகழ்பெற்ற 'மனிதக் குடும்பம்' கண்காட்சியில் அது இடம்பெற்றது. ஓவியர் அம்ரிதா ஷெர்கிலின் தந்தை உம்ராவ் சிங் தொழில்முறைக் கலைஞரே இல்லை. மனைவியையும் மகள்களையும் தன்னையும் பல பத்தாண்டுகள் எடுத்த படங்களால்தான் இந்திய ஒளிப்பட வரலாற்றில் நிற்கிறார். அவர்கள் மேதைகள், நம்மோடு ஒப்பிடலாமா என்றால், மேதைமையை விட்டுவிடுவோம், முறையை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒரே அறை, ஒரே ஜன்னல், அதே முகங்கள் என்னும்போது நேற்றைய படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் வைத்து எது சரி, எது தவறு என்று பார்க்க முடிகிறது. சில மாதங்களுக்கு ஒருமுறை பூநாரையைத் தேடிப் போகும் பயணத்தில் ஒளி, தூரம், பறவை எல்லாமே மாறிவிடுவதால் அப்படி ஒப்பிட முடிவதில்லை.

குறைவாக எடுத்தால் முக்கியமான தருணங்கள் தவறிவிடாதா? தவறும். முதல் நடை போன்றவற்றுக்குக் கைக்கு எட்டும் போனே போதும். காது இழப்பதை ஈடுகட்டும் குரல் பதிவும் அதில் கிடைக்கும். கேமராவைத் திரும்பத் திரும்ப வரும் தருணங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். ஒளிப்படக் கலைஞர் நிக்கலஸ் நிக்சன் 1975-இலிருந்து தன் மனைவியையும் அவருடைய மூன்று சகோதரிகளையும் ஆண்டுதோறும் அதே வரிசையில் நிறுத்தி எடுத்து, ஆண்டுக்கு ஒரு படம் என்று தேர்ந்தார். ஒவ்வொரு பிறந்தநாளிலும் அதே நாற்காலி, அதே சுவர் என்று நாமும் செய்யலாம். மாதக் கடைசியில் பத்துப் படங்களைத் தேர்ந்து, பிரிண்ட் போட்டு, மீதியை அழித்து, வைத்துக்கொண்டவற்றுக்கு வீட்டுக்கு வெளியேயும் ஒரு நகல் எடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

ஸ்டேட்டஸில் போடலாமா என்பதையும் இதே அளவுகோல் சொல்லும். பிறருக்குக் காட்டவேண்டும் என்ற நினைப்போடு எடுத்தால், அந்த அனுபவத்தின் மகிழ்ச்சியே குறையக்கூடும் என்று பராஷ் குழுவினரின் 2018 ஆய்வு காட்டியது. 'எப்படி எடுத்துக்கொள்வார்களோ' என்ற கவலை கவனத்தில் பங்கு கேட்கிறது. குழந்தையின் உரிமையும் இருக்கிறது. பிள்ளைகளின் படங்களைப் பெற்றோர் இணையத்தில் இடுவதைக் கட்டுப்படுத்த பிரான்ஸ் 2024-இல் சட்டமே இயற்றியது. தாத்தா பாட்டிக்கு பிரிண்ட் கொடுப்பதில் இந்தச் சங்கடங்கள் இல்லை. வேண்டாம் என்று குழந்தை முகத்தைத் திருப்பினால் கேமராவை இறக்கிவிட வேண்டும்.

இதையெல்லாம்விடக் கடுமையான ஆட்சேபம் வாழ்க்கைத் துணையிடமிருந்து வரும்: சோறூட்டுவது நான், ஓரமாக நின்று படம் எடுப்பது நீங்கள். இதற்குச் சாமர்த்தியமான பதில் கிடையாது. கேமரா பிடித்த நேரத்தைக் குழந்தை பார்த்த நேரமாகக் கணக்கில் எழுதக் கூடாது. வெளியே போய் எடுக்கும் ஒவ்வொரு காலைக்கும் ஈடாகத் துணைக்கும் அவர் விருப்பப்படி ஒரு காலை கிடைக்க வேண்டும். கேமராவை ஆட்டோ மோடில் வைத்து அவர் கையிலும் கொடுங்கள். ஃபோகஸ் கொஞ்சம் முன்பின் இருக்கலாம்; ஆனால் படம் எடுப்பவரையே காணாத ஆல்பம் பாதிக் குடும்பத்தின் ஆல்பம்தான்.