ருக்மிணி தேவியும் கலாக்ஷேத்திரா சேலையும்



ஃபேஷன் டிசைனர் என்றதும் நம்ம பசங்க வாயில் வருவது இத்தாலிப் பெயர்கள்தான். அதில் முதல் பெயர் ஜார்ஜியோ அர்மானி. 1975-ல் கம்பெனி தொடங்கி, 2025-ல் 91 வயதில் மறையும்வரை உழைத்தவர். கோட்டுக்குள் இருந்த விறைப்புத் துணியையும் தோள் பஞ்சையும் உருவி எறிந்தார். உலகமே அதைப் போட்டுக்கொண்டது. வேண்டாததை நீக்குவதே அவர் ஸ்டைல்.

இதே வேலையை அவருக்கு முன்பே செய்த ஓர் அம்மையார் நம் பக்கத்திலேயே இருந்திருக்கிறார். படூரில் பஸ் ஏறினால் திருவான்மியூர். அங்கே அவர் வளர்த்த கலாக்ஷேத்திரா. அவர்தான் ருக்மிணி தேவி அருண்டேல்.

வாழ்க்கை

1904-ல் மதுரையில் பிறந்தார். 1920-ல் ஆங்கிலேயரான ஜார்ஜ் அருண்டேலை மணந்தார். ஊரே எதிர்த்தது. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் நடனம் கற்று, 1935-ல் அடையாறு தியசாபிகல் சொசைட்டியின் வைரவிழாவில் மேடை ஏறினார். அதற்கும் எதிர்ப்புதான்! அசரவில்லை. 1936-ல் கலாக்ஷேத்திராவைத் தொடங்கினார். கோயில் சிற்பங்களைப் பார்த்துப் பார்த்து நடன உடையையும் நகையையும் அமைத்தார். 1986-ல் காலமானார்.

சேலை

நடனத்துக்குத் தகுந்த துணி கடையில் கிடைக்காவிட்டால் என்ன செய்வது? நாமே நெய்வோம் என்றார். 1937-ல் நெசவுக்கூடம் வந்தது. பழைய சேலைகளின் நிறங்களையும் கரைகளையும் தேடி எடுத்தார். ருத்திராட்சம், மயில்கண் போன்ற பழைய வடிவங்கள், அகலமான கரை, உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு எதிர் நிறம். இதைத்தான் இன்றும் 'கலாக்ஷேத்திரா சேலை' என்கிறோம்.

மெக்கானிக்கல் மாணவனான எனக்குப் பிடித்தது கோர்வைதான். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் இரண்டு நாடா, ஆக மூன்று. ஒருவர் நெய்ய, பக்கத்தில் இன்னொருவர் ஒரு கரை நாடாவைத் தள்ளுவார். ஒவ்வொரு ஊடையிலும் உடல் நூலும் கரை நூலும் ஒன்றையொன்று கொக்கி போட்டுக்கொள்ளும். தையல் இல்லை, ஒட்டு இல்லை. நம்ம ஒர்க்‌ஷாப்பில் மரத்தில் போடும் டவ்டெயில் ஜாயின்ட் ஞாபகம் வருதா? அதே தத்துவம், நூலில்!

நமக்கு என்ன பாடம்?

காலேஜ் டேக்குப் பேன்ட் சட்டை எடுக்க வட்டிக்குக் கடன் வாங்கிய நண்பன் ஒருவனை எனக்குத் தெரியும். விழா ஒரு நாளில் முடிஞ்சுபோச்சு, வட்டி முடியவில்லை. அவனைக் குறை சொல்ல மனசு வரலை. சாயம் போன சட்டையோடு முதல் பெஞ்சில் உட்காரக் கூசியவன்தான் நானும்.

ஆனால் அர்மானியும் ருக்மிணி தேவியும் சொல்வது ஒன்றே. ஸ்டைல் விலையில் இல்லை. எதை வைக்கணும், எதை எடுக்கணும் என்று தெரிந்த அறிவில் இருக்கிறது. ஒரு டிராயிங் ஷீட்டில் தேவையில்லாத கோட்டை அழிக்கத் தெரிந்தவன் எவனும் டிசைனர்தான்.

அடுத்த முறை அம்மாவின் சேலைக் கரையை ஒரு நிமிடம் திருப்பிப் பாருங்கள் நண்பர்களே. அதில் பெயர் தெரியாத நெசவாளர் ஒருவரின் இன்ஜினியரிங் இருக்கும்!